ஆடு நிற்கிற பக்கம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்தவர் யாரோ தெரியாது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்ததில்லை, அது மட்டும் நிச்சயம்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அதுதான் பெயர். வருகைப்பதிவேட்டில் வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள். நூலகத்தில் காதோடு காதாக அவள் ரகசியம் சொன்னால் வாசலில் நிற்கிற காவலாளி சிரிப்பார். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு நல்ல காரியம் செய்யப் போனாள். அங்கேதான் வினை பிடித்தது.

அவள் கல்லூரியில் எல்லாரும் ஏதாவது ஒரு சமூக சேவை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. மரம் நடலாம், ரத்ததான முகாமில் நாற்காலி தூக்கிப் போடலாம், குளக்கரையில் குப்பை பொறுக்கலாம். எல்லாம் வெயிலில் வேகிற வேலை. கடைசியாக ஒன்று இருந்தது. இங்கிலீஷ் புதிதாகப் படிக்கிற சின்னப் பிள்ளைகளோடு, சாயங்காலம் அரை மணி நேரம், இணையத்தில் கதைப் புத்தகம் வாசிப்பது. வீட்டில் உட்கார்ந்தபடி வாயால் செய்கிற சேவை! நோகாமல் நுங்கு தின்னலாம் என்று ஸ்பீக்கர்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

வீடு என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் அண்ணன் மேசை போட்டு, உடைந்த கைப்பேசிகளைப் பிரித்துப் பரப்பி வைத்திருப்பான். அதுதான் அவன் தொழில். சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போடுகிற அளவுக்கு இடம் உண்டு. அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். ஸ்பீக்கர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சொருகிக்கொள்வாள்.

"ஆரம்பிச்சாச்சா?" என்பான் அண்ணன், தலையைத் தூக்காமலே. "நீ கத்துற கத்துல, கீழ டயருக்குக் காத்தடிக்கிறவர் இந்த வருஷம் இங்கிலீஷ்ல பாஸ் ஆயிடுவாரு."

முதல் நாள் திரையில் ஒரு நெற்றியும் இரண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன. எட்டு வயதுப் பெண் குழந்தை.

"உன் பேரு என்ன?"

"கடுகு."

"அது வீட்டுல கூப்பிடுறது. ஸ்கூல்ல?"

"ஸ்கூல்ல என்னைக் கூப்பிடவே மாட்டாங்க."

ஸ்பீக்கருக்கு அந்த நிமிஷமே குழந்தையைப் பிடித்துப்போயிற்று. "என்னைக்கூட யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நான் ஸ்பீக்கர், நீ கடுகு. கடை போட்டுடலாமா?" என்றாள். நெற்றி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

கடுகின் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வேலைக்காகப் புது ஊருக்கு வந்தவள், கடன்பட்டாவது என்று மகளை இங்கிலீஷில் சொல்லித்தருகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். பாவம், அந்தக் குழந்தைக்கு அங்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. பள்ளிக்கூடமும் ஒன்றும் செய்யாமல் இல்லை. இப்படிப்பட்ட நாலைந்து பிள்ளைகளைத் தினமும் காலையில் தனியாக உட்கார வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் உண்டு. சின்ன வகுப்பு என்று அதற்குப் பெயர். அதோடு, சாயங்காலம் இந்த இணைய வாசிப்பு. லீவு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போனால் கணக்கு, அறிவியல் எல்லாமே புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். அதற்குள் கடுகு படிக்கக் கற்றுக்கொண்டாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமா?

வாசிப்புக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் கல்லூரியிலிருந்து வருகிற அக்கா படிப்பாள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, அப்புறம் பிள்ளை தனியாக. புத்தகத்தின் பக்கம் அக்காவின் கணினியிலிருந்து பிள்ளையின் திரைக்குப் போகும், புரட்டுவது அக்காதான். முடிந்ததும் ஒரு பெட்டி வந்து நிற்கும். அதில் ஐந்து வெறும் நட்சத்திரங்கள். பிள்ளை எப்படிப் படித்தது என்று அதில் தட்டிக் காட்டினால்தான் பெட்டி மூடும். அது நேரே அம்மாவின் கைப்பேசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும்.

முதல் புத்தகம், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு ஆட்டின் கதை. நிறுத்தத்தில் பையோடு நிற்கிற ஆட்டை விட்டுவிட்டு பஸ் போகிறது. ஆடு துரத்துகிறது, குடைக் கடைக்குள் புகுந்து அடுத்த பக்கம் வெளியே வருகிறது, பஸ்ஸின் பின்னால் ஓடிக் கத்துகிறது. நம்ம ஸ்பீக்கருக்குச் சொல்லவா வேண்டும்! ஆட்டுக்கு ஒரு குரல், டிரைவருக்கு ஒரு குரல், குடைக் கடைக்காரிக்கு மூக்கால் ஒரு குரல் என்று வெளுத்துக்கட்டினாள். கடுகு வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு தன் முறை வந்ததும் திருப்பிச் சொன்னாள் பாருங்கள், ஆடு அப்படியே ஆடு. டிரைவர் அப்படியே டிரைவர். ஒரு வாரத்தில் ஒரு சொல் பிசகாமல் முழுக் கதையும் படித்தாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா என்று ஸ்பீக்கர் ஐந்து நட்சத்திரமும் தட்டினாள். மறுநாளும் ஐந்து. அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் குடைக் கடைப் பக்கத்தைப் படிக்கும்போது ஸ்பீக்கருக்குத் தாளிப்பு நெடி ஏறி, இரண்டு தடவை இருமிவிட்டாள். கடுகு தன் முறைக்குப் படித்துக்கொண்டு வந்து, அதே இடத்தில் நின்று, இரண்டு தடவை இருமிவிட்டு மேலே போனாள். "அடியே, என்னையே கிண்டலா?" என்று ஸ்பீக்கர் விழுந்து விழுந்து சிரித்தாள். கடுகு சிரிக்கவில்லை, எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்தாள். கிண்டலாம், கிண்டல்! அன்றைக்காவது இந்தப் பெண்ணுக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.

ஆட்டுக்குப் பின் வேறு புத்தகங்கள் வந்தன, எல்லாவற்றிலும் இதே கூத்துதான். நட்சத்திரங்கள் குவிந்தன. ஒரு நாள் கடுகின் அம்மாவிடமிருந்து, கல்லூரி ஒருங்கிணைப்பாளர் மேடம் வழியாக, ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் இஸ்திரி இயந்திரம் புஸ் புஸ் என்று நீராவி விட்டது. "அம்மா, நீ நல்லா இருக்கணும். புள்ள நல்லா படிக்குதுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. சின்ன வகுப்பு இனிமே வேண்டாமாம். லீவு முடிஞ்சதும் மத்த புள்ளைங்களோட உக்காரலாமாம். உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்." ஸ்பீக்கர் அதை அண்ணனுக்குப் போட்டுக் காட்டினாள், தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள், கீழே டயர் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை போட்டாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இணையம் நொண்டி நொண்டி வந்தது. கடுகுக்கு ஆட்டின் மேல் தனிப் பிரியம், அதையே மறுபடி படிக்கலாம் என்றாள். சரி என்று ஸ்பீக்கர் முதல் பக்கத்தைப் போட்டாள். ஆடு நிறுத்தத்தில் நின்றது. கடுகு படித்தாள். பக்கம் புரண்டது. படித்தாள். புரண்டது. டிரைவர், குடைக் கடைக்காரி, இரண்டு இருமல், ஓட்டம், கத்தல் எல்லாம் அச்சு அசலாக வந்து கடைசிப் பக்கத்தில் முடிந்தது. ஸ்பீக்கர் கை தட்டினாள்.

"அக்கா," என்றாள் கடுகு, "படம் ஏன் மாறவே இல்ல? ஆடு நின்னுட்டே இருக்கு."

"எந்த ஆடு?"

"பஸ்ஸுக்கு நிக்கிற ஆடு. மொதல்லேர்ந்து அதேதான் இருக்கு."

ஸ்பீக்கரின் கை தட்டினபடியே நின்றுபோயிற்று. மழையில் முதல் பக்கத்துக்குப் பிறகு எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. குழந்தையின் திரையில் முதல் பக்கத்து ஆடு பையோடு நிற்கிறது. குழந்தை கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து முடித்துவிட்டது.

"அப்போ… எதைப் பாத்துடி படிச்ச?"

திரையில் முகம் போய்க் கூரை வந்தது. கைப்பேசியை மல்லாத்தி மடியில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அந்த இரண்டு இருமலும் இப்போதுதான் ஸ்பீக்கரின் காதில் விழுந்தன. புதுப் புத்தகம் ஒன்றைத் திறந்தாள், ஒரு கோழி வீட்டுக்குள் புகுந்த கதை. படத்தை மறைத்துவிட்டு முதல் வரியை மட்டும் காட்டினாள். மழை கொஞ்சம் விட்டதால் இந்தத் தடவை பக்கம் போய்ச் சேர்ந்தது.

"கடுகு, இதைப் படி."

"நீங்க மொதல்ல படிங்கக்கா."

"இல்லடா, இன்னிக்கு நீ."

கடுகு ஒவ்வொரு எழுத்தாகப் பேர் சொன்னாள், எழுத்து தெரிந்திருந்தது. "சேத்து சொல்லு பாப்போம்" என்றதும் அங்கேயே நின்றாள். "ஆடா அக்கா?" என்றாள். "பஸ்ஸா?" என்றாள். தெரிந்த கதையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து நீட்டினாள், ஏதாவது ஒன்று செல்லுபடியாகாதா என்று.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"அஞ்சு ஸ்டார் வரலேன்னா அக்காவ மாத்திடுவாங்களாம். எங்க கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு மாத்திட்டாங்க." பிறகு, "நீங்க சொல்றது எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கும்கா," என்றாள்.

என்னத்தைச் சொல்ல! அக்காவை விடக்கூடாது என்று ஒரு குழந்தை காதால் படித்தது. அந்தக் காதுக்குக் கிடைத்த நட்சத்திரங்களால் சின்ன வகுப்பு போயிற்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அக்கா எதற்கு என்று, அந்த வார வெள்ளிக்கிழமையோடு அக்காவும் போகப்போகிறாள்.

மறுநாள் காலையில் ஸ்பீக்கர் ஒருங்கிணைப்பாளர் மேடத்தின் அறைக்கு ஓடினாள். மேடம் கெட்டவர் இல்லை. சான்றிதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டை விரலில் மை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ போட்ட ஸ்டார்தானேம்மா?"

"ஆமா மேடம். தப்பா போட்டுட்டேன்."

"உன்ன மாதிரி இன்னும் எத்தனை பேரு தப்பா போட்டிருக்கீங்கன்னு நான் எங்க போய்த் தேடுறது? ஒண்ணைத் திறந்தா எல்லாத்தையும் திறக்கணும். ஸ்கூலுக்கு அனுப்பியாச்சு. சின்ன வகுப்புல அந்த இடத்துக்கு வேற புள்ள வந்தாச்சு." மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்த வகுப்பு டீச்சர் பாத்துப்பாங்க. நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத. உனக்குத்தான் இந்த வருஷம் சிறந்த வாசிப்புத் துணைன்னு எழுதியிருக்கேன்."

கையெழுத்துக்குக் காத்திருந்த தாள் ஒன்றில் ஸ்பீக்கரின் நிஜப் பெயர் இருந்தது. யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டாள். அது முடியாது என்றார் மேடம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வைத்த விதி, நம்பர் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. அதுவும் நியாயம்தான்! எல்லாரிடமும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

சாயங்காலம் கடுகிடம் அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். திரையில் வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். முகம் வாடியிருந்தது, சிரிப்பு வாடவில்லை. சூட்டில் பட்டுப் பட்டு விரல் நுனிகள் பளபளத்தன.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தாள் ஸ்பீக்கர். ஊர் கூட்டுகிற தொண்டை அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை. "கடுகுக்கு… இன்னும் படிக்க வரல. நான் படிக்கிறதைக் கேட்டு மனப்பாடமா சொல்லியிருக்கா. ஸ்கூல்ல போய்ச் சொல்லுங்கக்கா, சின்ன வகுப்புலயே வச்சிக்கச் சொல்லுங்க."

அம்மாவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"அஞ்சு ஸ்டாரும் நீதானேம்மா போட்ட?"

"ஆமாக்கா."

"எனக்கு அந்த எழுத்து ஒண்ணும் தெரியாதும்மா. ஸ்டார் மட்டும்தான் எண்ணத் தெரியும். தினம் வேலைய விட்டு வந்ததும் அதைத்தான் பாப்பேன்."

அவள் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கலாம், ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் திட்டவில்லை. அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

போகவும் போனாள். என்ன நடந்தது என்பது மறுநாள் சாயங்காலம் கடுகு சொல்லித்தான் தெரிந்தது. நல்லா படிக்கிற பிள்ளையைக் கீழே தள்ளச் சொல்கிற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஆபீஸ் ரூமில் சிரித்தார்களாம். இருந்தாலும் எதற்கும் பார்த்துவிடலாம் என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கடுகின் கையில் கொடுத்தார்கள்.

"என்ன புத்தகம்டா?"

"ஆடு."

ஸ்பீக்கர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எத்தனையோ புத்தகம் இருக்கிற அலமாரியில் அந்த ஆடா வந்து மாட்ட வேண்டும்! சனியன், பஸ்ஸோடேயே போயிருக்கக் கூடாதா?

"நீ படிக்காம இருந்திருக்கலாம்ல?"

"எல்லா டீச்சரும் நின்னாங்கக்கா. எனக்குப் பயமா இருந்துச்சு. வாய் தானா சொல்லிடுச்சு." கடுகு மூக்கை உறிஞ்சினாள். "கை தட்டுனாங்க. அம்மாதான் வழியெல்லாம் அழுதுச்சு."

அண்ணன் முன்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அன்றைக்குச் சாப்பிடும்போது கிண்டல் செய்யவில்லை. "கடைசி ஒரு நாள் இருக்குல்ல, அதுல ஏதாச்சும் பண்ணு," என்றான். என்ன பண்ணுவது? படிக்கத் தெரிந்தவளுக்கெல்லாம் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிடுமா? தான் எப்போது, எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டோம் என்று ஸ்பீக்கர் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஞாபகமே வரவில்லை. சின்ன வகுப்பு டீச்சர் மாதக்கணக்கில் செய்கிற வேலை அது. இவளிடம் இருந்தது அரை மணி நேரம்.

வெள்ளிக்கிழமை அவள் கோழிப் புத்தகத்தைத் திறந்து, படத்தை மறைத்து, முதல் வரியை மட்டும் வைத்தாள். ஆறே இங்கிலீஷ் சொற்கள். கோழி கட்டில்மேல் உட்கார்ந்தது, அவ்வளவுதான் சங்கதி. கடுகுக்கு அது தெரியாது.

"இன்னிக்கு நான் வாயே திறக்க மாட்டேன்," என்றாள் ஸ்பீக்கர். "நீ மட்டும்தான்."

"ஸ்டார் கொறஞ்சுடுமேக்கா."

"கொறையட்டும். ஒவ்வொரு எழுத்தா சத்தம் போடு. அப்புறம் அந்தச் சத்தத்தை எல்லாம் ஒட்டு."

முதல் சொல் வருவதற்குள் வேர்த்துவிட்டது இரண்டு பேருக்கும். "த" என்றாள் கடுகு, கேள்வி மாதிரி. ஸ்பீக்கர் தலையை ஆட்டினாள். இரண்டாவது சொல்லில் கடுகு எழுத்துகளைச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள், போட்டுக்கொண்டே இருந்தாள். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள். மறுபடி தொடங்கினாள். ஸ்பீக்கர் சொல்லவில்லை. சொல்லத் துடிக்கிற வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"ஹ… எ… ன். ஹென்." கடுகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஹென்னா கோழிதானேக்கா? கோழியா இது?"

ஸ்பீக்கர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினதில் மடிக்கணினியே ஆடியது. ஒருவரும் சொல்லாமல், எங்கேயும் கேட்காமல், அந்தக் குழந்தை தானாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்தது, "சாட்". அதற்கும் வெகுநேரம் ஆயிற்று. "ஆன்". மறுபடி "த", இதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "இது மொதல்லயே வந்துச்சே!" என்று கைப்பேசிக்குள் விழுந்துவிடுகிற மாதிரி முகத்தைக் கொண்டுவந்து சிரித்தாள். இன்னும் ஒரே ஒரு சொல். திரையின் மூலையில் நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் அதைப் பார்த்தாள், கடுகு பார்க்கவில்லை.

"பெ…" என்றாள் கடுகு. "பெ…"

திரை வெள்ளையாகிவிட்டது. நேரம் முடிந்தது, உங்கள் சேவைக்கு நன்றி என்று எழுத்து வந்தது. பின்னாலேயே பெட்டி வந்து நின்றது, ஐந்து வெறும் நட்சத்திரங்களோடு.

ஸ்பீக்கர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சொல்லைக் கடுகு கண்டுபிடித்தாளோ இல்லையோ, இனிமேல் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று ஒரு நப்பாசை வந்தது. யார் பார்ப்பார்கள்? கணக்கு முடித்து அனுப்பியாயிற்று. இனிமேல் இதைப் பார்க்கப்போகிறவள் ஒருத்திதான். வேலை விட்டு வந்ததும் கைப்பேசியைத் திறந்து, நட்சத்திரம் மட்டும் எண்ணத் தெரிந்தவள். பக்கத்தில் கடுகு நின்று எட்டிப் பார்ப்பாள்.

ஐந்தையும் தட்டினாள். இத்தனை நாளும் போட்டதில் இந்த ஐந்துதான் நிஜம். அதுவும் போய் மற்றதோடு மற்றதாகச் சேர்ந்துகொண்டது, பெட்டி மூடியது.

"பெட், கடுகு," என்றாள் ஸ்பீக்கர், ஒன்றுமில்லாத திரையைப் பார்த்து. "பெட்."

முன்னறையில் திருப்புளியின் சத்தம் நின்றது.

"என்னடி சொன்ன?" என்று கேட்டான் அண்ணன். "ஒண்ணுமே கேக்கல."